தாய்மாமனும் முடியாத பாட்டும்

டிஜே என்பது ஒரு சங்கீதம் என்று போடிநாயக்கனூரில் சொல்லித் திரிந்தவன் நான் ஒருவன்தான். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "பொட்டி வச்சுப் பாட்டுப் போடுற சோலிதானே?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில் வகுப்பு நடத்தினேன். கீழே பெண்கள் காயை ரகம் பிரித்தார்கள், மேலே நாங்கள் தாளத்தைப் பிரித்தோம். சேர்ந்தவர்களை முதல் சில மாதங்கள் கருவியைத் தொடவே விடவில்லை. இரண்டு பாட்டின் நடை எங்கே ஒத்துப்போகிறது என்று காதால் கேட்டுத் தொடையில் தட்டிக் காட்ட வேண்டும். 'டிஜே அண்ணே' என்று கூப்பிட்டவனை வாசலில் நிறுத்தி, 'மாஸ்டர்' என்று சொன்ன பிறகுதான் உள்ளே விட்டேன். என் சித்தாந்தம் ஒன்றே ஒன்று. ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று எவனுக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் அது சவுண்டு சர்வீஸ்.

கடை முதலாளிக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. "நீங்க போடுற அதிர்வுல சல்லடையில காய் தானா குதிக்குது தம்பி. சலிக்கிற ஆளுகளுக்கு லீவு விட்டுரலாம் போல," என்றார். மாடியில் மூட்டை அடுக்கப் போவதாகவும் சொன்னார். ஊரில் வேறு எவரும் எங்களுக்கு இடம் தருவதாக இல்லை. கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அவர் பேத்தியின் காதுகுத்துக்கு எங்கள் ஆள் பாட்டுப் போட வேண்டும். சங்கீதம் என்று அவருக்குப் பட்டால் மாடி எங்களுக்கு, இல்லையென்றால் மூட்டைக்கு.

என் தலைமாணாக்கன், போடிமெட்டுக்குத் தோட்ட ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர். கொண்டை ஊசி வளைவில் அவன் கியர் மாற்றுவது உள்ளே தூங்குகிறவருக்குத் தெரியாது. அவனை நம்பித்தான் மண்டபத்துக்குப் போனேன்.

குழந்தைக்குத் தாய்மாமன்மார் இரண்டு பேர். ஒருவர் தேவாரம் என்ற ஊர்க்காரர், இன்னொருவர் பொட்டிபுரத்துக்காரர். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் சீர் தனி, பாட்டும் தனி. தேவாரத்து மாமன் சீர்த்தட்டுகள் சூழத் தன் பாட்டோடு உள்ளே வந்தார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பொட்டிபுரத்துக்காரர் வாசலில் தெரிந்தார். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நகர்த்தினான். ஒரு பாட்டு இன்னொன்றாக மாறியது யாருக்கும் தெரியவில்லை. சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொட்டிபுரத்து மாமன் தட்டுகளோடு அங்கேயே நின்றுவிட்டார். முந்தின பாட்டு நின்று, தன் பாட்டு முதலிலிருந்து கிளம்பி, கூட்டம் திரும்பிப் பார்த்த பிறகுதான் எங்கள் வட்டாரத்தில் தாய்மாமன் காலெடுத்து வைப்பார். ஊரே அறிந்த இந்த முறை, சித்தாந்தம் பேசிய என் புத்தியில் ஏறவில்லை.

"அவன் பாட்டோட வாலைப் பிடிச்சுக்கிட்டு நான் உள்ள வரணுமாக்கும்?" என்று அவர் கேட்டது மேடை வரை கேட்டது. காது குத்த வந்த ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார்.

முதலாளி என்னிடம் வந்தார். "தம்பி, முத மாமன் பாட்டு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சதே தெரியாதுங்க. அதான் வித்தையே."

"அப்ப இவரு எப்பிடிய்யா உள்ள வருவாரு?"

சத்தத்தை அடியோடு இறக்கினேன். மொட்டையடித்த குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது. கூட்டம் மொத்தமும் வாசலைப் பார்த்தது. பிறகு பொட்டிபுரத்துப் பாட்டை முதலிலிருந்து போட்டேன். மாமன் மீசையைத் தடவிக்கொண்டு நடந்து வந்தார். விசில் பறந்தது.

கறிச்சோற்றுப் பந்தியில் முதலாளி என் இலைக்கு முன்னால் வந்து நின்றார். "இப்ப ஒத்துக்கிறேன் தம்பி, சங்கீதந்தான். நடுவுல நிப்பாட்டுனீங்க பாருங்க, அந்த எடம் பிரமாதம். மாடிய நீங்களே வச்சுக்கங்க."

நான் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்த எதையும் அவர் பாராட்டவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எலும்பைக் கடித்தபடி தலையாட்டினேன்.

மறுநாள் வகுப்பில் டிரைவர் பணிவாகக் கேட்டான்: "மாஸ்டர், நிப்பாட்டுறதுக்கு எத்தனை மாசம் சாதகம் பண்ணணும்?"

"ஆறு மாசம்," என்றேன்.