சிறைக்கூலியில் வாங்கிய சாமை

“...நெழல்ல ஒக்காந்து தறி ஓட்டுனதுக்கு உனக்குக் கூலி. மண்ணுக்குள்ள படுத்துகினு கீறாரே உங்க அண்ணன், அவருக்கு யாரு கூலி குடுக்கிறாங்க?”

சாலம்மா அண்ணி இப்படித்தான் கேட்டார்கள். போன ஆடி மாதம், காளியம்மா கோயில் வாசலில், ஊரே நிற்கும்போது கேட்டார்கள். என் கையில் கூடை. கூடையில் இரண்டு படி சாமை.

காளியம்மா தாயை நம்புகிற சொந்தங்களே, அதற்கப்புறம் அண்ணி என்ன செய்தார்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். மறைத்துவிட்டுச் சாட்சி சொன்னால் அது சாட்சி இல்லை.

நான் ஒரு மனிதரைக் கொன்றவன். பெயர் அண்ணாமலை. காவலூருக்கும் மேலே, ஜவ்வாது மலையில் எங்கள் ஊர். செத்துப்போன வெள்ளையன் என் பெரியப்பா மகன். சாலம்மா அண்ணி அவருடைய மனைவி. எங்கள் இரண்டு பேர் நிலத்துக்கும் நடு வரப்பில் ஒரு புளியமரம் இருந்தது. ஒரு வருடம் அவர் உலுக்கிக்கொள்வார், மறு வருடம் நான். அப்பா காலத்து ஏற்பாடு. ஒரு வருடம் மழையில் பூவெல்லாம் கொட்டி, மரம் காய்க்கவே இல்லை. அது என் முறை. காய்க்காத வருடத்தைச் சேர்க்கக் கூடாது, அடுத்த வருடமும் எனக்குத்தான் என்றேன். காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் முறை முறைதான் என்றார் அண்ணன்.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. உச்சி வெயில். அவர் பாட்டுக்கு உலுக்கிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் கையிலிருந்த கழியைப் பிடுங்கினேன். “ஒத்த மரத்துக்கு இம்மாம் பேச்சாடா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவில்லை. ஒரே அடி. விழுந்துவிட்டார். அவர் உலுக்கிவிட்டதில் கிளையில் சிக்கியிருந்த புளி, அதற்கப்புறமும் ஒவ்வொன்றாக அவர் மேல் விழுந்துகொண்டே இருந்தது. பொத். கொஞ்சம் கழித்து இன்னொன்று. பொத்.

அந்தச் சத்தம் என்னோடு சிறைக்கு வந்தது.

எட்டு வருடம் தண்டனை. வழக்கு முடியும்வரை வேலை கிடையாது. தீர்ப்பு வந்த பிறகும் தறிக்கூடத்தில் இடம் காலியாக இல்லை என்றார்கள். சோறு வரும், தின்பேன். சுவரைப் பார்த்து உட்காருவேன். சிறைக்குள் ஒரு புளியமரம் கிடையாது. ஆனாலும் உச்சி வெயில் ஆனால் என் முதுகுக்குப் பின்னால் பொத் என்று விழும். திரும்பினால் ஒன்றும் இருக்காது. மற்றவர்கள் கேரம் ஆடிக்கொண்டிருப்பார்கள். கழி பிடித்த இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்காருவேன். செத்துவிடலாம் என்று துணிந்த நாளும் உண்டு.

அப்போதுதான் காளியம்மாவைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை, அதைக் கேட்க வாய் வரவில்லை. “அம்மா, என்னை எடுத்துக்க. இல்லன்னா இந்தக் கைக்கு ஒரு வேல குடு” என்று மட்டும் கேட்டேன். தினமும் அதையே கேட்டேன். ஒன்பதாம் நாள் காலை, தறிக்கூடத்தில் ஒருவர் விடுதலையாகிறார், வா என்று வார்டர் கூப்பிட்டார். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மலைக்கு மேலே இருக்கிறவளுக்கு இத்தனை சுவர் தாண்டிக் காது கேட்டிருக்கிறது.

தறி ஓடினால் புளி விழுகிற சத்தம் கேட்காது. சிறைவாசிகளுக்குப் போர்வை நெய்தேன். மாதம் முடிந்ததும் கூலி என்றார்கள். சாப்பாட்டுக்கென்று ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கென்று ஒரு பங்கு. மீதி என் பேரில். எனக்குக் கூலி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போனேன். கொன்ற கைக்குக் கூலியா என்று கூச்சம். பக்கத்துத் தறியில் வாணியம்பாடி பாஷா பாய் இருந்தார். வாய் ஓயாத மனிதர். அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“இன்னாய்யா, பெரிய மகாத்மாவா நீ? கூலி வாணாம்னா, அந்தம்மாவுக்குப் போற பங்கும் நின்னுடும். நாளைக்கு வெளிய போயி வெறுங்கைய நீட்டினு அவங்க முன்னால நிப்பியா? அழுவுறது உனக்கு சுளுவு. சம்பாரிச்சு அழு.”

வாங்கினேன். ஆனால் அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளச் சொல்லி அண்ணிக்குப் போன கடிதம் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்களாம். வெயிலில் உட்கார்ந்து கூலிக்குப் புளி உடைத்துத்தான் பிழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அன்றைக்கெல்லாம் அண்ணன் வருவார். பொத்.

விடுதலையாகி ஆலங்காயத்தில் பஸ் மாறி ஊருக்கு வந்தேன். எங்கள் ஊரில் ஆடிப் பொங்கலுக்கு வீட்டுக்கு இரண்டு படி சாமை, அம்மா பானையில் போட வேண்டும். அவரவர் கைப்பாட்டில், சொந்த உழைப்பில் வந்த சாமையாக இருக்க வேண்டும். யார் வீட்டுச் சாமை பானைக்குப் போகவில்லையோ, அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டார்கள். நான் உள்ளே போன வருடத்திலிருந்து என் மனைவி மஞ்சுளா கொண்டுபோன முறத்தை ஊர் தொடவில்லை. என்னைப் பெற்றவள் செத்தபோது பாடை தூக்க அவள் தம்பிகள் கீழேயிருந்து வந்தார்கள். “இந்த ஆடியும் தள்ளிட்டாங்கன்னா மலைய வுட்டுப் போய்டலாம்” என்று சொல்லிவிட்டாள்.

நிலம் தரிசாகக் கிடந்தது. என்னிடம் இருந்த கைப்பாடு சிறைக்கூலி ஒன்றுதான். அதில் உமி போகாத சாமை வாங்கினேன். நானே குத்திக் கொண்டுவருகிறேன் என்று அம்மாவுக்கு வேண்டுதல். உலக்கை பிடித்துப் பழக்கமில்லாத கை. பாதி நொறுங்கியது, பாதி உமியோடு நின்றது. கல் வேறு. “நெய்யக் கத்துகினு வந்தான், குத்தக் கத்துகினு வரலயே” என்று பெண்கள் சிரித்தார்கள்.

கோயிலில் பேச்சு நீண்டது. கவர்மென்டு தறி, கவர்மென்டு சோறு, அது எப்படிக் கைப்பாடு ஆகும் என்றார் ஊர்க்கவுண்டர். நம்ம பிள்ளைகள் திருப்பூரில் எவனோ ஒருத்தன் தறியைத்தானே ஓட்டுகிறார்கள், ஓட்டியது அவன் கைதானே என்றார் டீக்கடை முருகேசன். அப்படியானால் ஆளைக் கொன்றால் வேலை கிடைக்கும் என்று போர்டு எழுதி வையுங்கள் என்றான் ஒருவன். கடைசியில் கவுண்டர், “சாலம்மா சொல்லட்டும்” என்றார். அப்போதுதான் அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

கைதிக்கு எதற்குக் கூலி என்று கேட்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். அண்ணி கேட்டதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சும்மா உட்கார்ந்திருந்த மாதங்களில் நான் என்னைப் பற்றி மட்டுமே அழுதேன். கூலி என்று ஒன்று வந்த பிறகுதான் அது யாருக்குச் சேர வேண்டியது என்று யோசித்தேன். அந்த யோசனையைக் கொடுத்தவள் காளியம்மா. சத்தத்தை அவள் எடுத்துவிடவில்லை. வெயில் ஏறினால் இப்போதும் விழுகிறது. ஆனால் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்துவதில்லை. தரிசைக் கொத்திச் சாமை விதைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது நிமிர்ந்து வேண்ட முகம் இல்லையென்றால், குனிந்தே கேளுங்கள். சின்னதாகக் கேளுங்கள். அவள் கேட்பாள்.

அன்றைக்குக் கோயில் வாசலிலும் குனிந்துதான் நின்றேன். எனக்குப் பின்னால் பொத் என்று ஒன்று விழுந்தது. திரும்பவில்லை.

அண்ணி கிட்டே வந்தார்கள். கூடையிலிருந்து ஒரு பிடி சாமையை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி ஊதினார்கள். உமி பறந்தது. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மஞ்சுளா கையிலிருந்த முறத்தை வாங்கி, எனக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து, இரண்டு படியையும் புடைத்தார்கள். கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். எழுந்து போய்ச் சாமையை அம்மா பானையில் கொட்டினார்கள். பொறுக்கிய கல்லைக் கீழே போடவில்லை. தம் பங்கு அதுதான் என்பதுபோல முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.