தொட்டியில் நாலு நாள் தண்ணீர்

போன புதன்கிழமை காலை எங்கள் லைன் குழாய் இருமியது.

ஆமாம், இருமியது. அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. சுரங்கத்துச் சங்கு ஊதியதும் வழக்கம்போல் சாவியைப் போட்டுத் திருகினேன். இரண்டு இருமல்... கொஞ்சம் காற்று... பிறகு செங்கல் நிறத்தில் ஒரு கைப்பிடி சேறு. அவ்வளவுதான். பானையோடு வரிசையில் நின்ற நாற்பது வீட்டுப் பெண்களும் குழாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

ஏன் என்னைப் பார்க்க மாட்டார்கள்? இன்னும் இரண்டு நாளைக்குத் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னவளே நான்தானே!

வாராவாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதைப் படிக்கிறவர்களுக்கு என் தொட்டியைப் பற்றித் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வரிசை வரிசையாகக் குடிசைகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு லைன். ஏரியிலிருந்து பம்பு என்ஜின் தண்ணீரை இழுத்து, பைப்பு வழியாக மேட்டுக்கு அனுப்பும். மேட்டில் லைனுக்கு ஒரு செங்கல் தொட்டி. தொட்டிக்குக் கீழே ஒரு குழாய். எங்கள் லைன் குழாய்ச் சாவி என் இடுப்பில். ஒரு நாள் இரண்டு பெண்கள் பானையால் மண்டையை உடைத்துக்கொள்ள இருந்தபோது நடுவே புகுந்து ஆளுக்கொரு அறை விட்டேன். அதைப் பார்த்த, லைன்களைக் கவனிக்கிற ஓவர்சீர் மறுநாளே சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். எந்த உத்தியோகத்துக்கு இப்படி ஒரு பரீட்சை உண்டு, சொல்லுங்கள்?

எழுத்துக் கூட்டிப் படிக்கவும் எழுதவும் வரும் அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. ஆனால் தண்ணீரை அளக்கப் படிப்பு எதற்கு? ஒரு மூங்கில் குச்சி வைத்திருக்கிறேன். அதில் கத்தியால் ஆறு வெட்டு. ஒரு வெட்டு எங்கள் லைனுக்கு ஒரு நாள் தண்ணீர். தொட்டியின் மூடியில் இருக்கும் ஓட்டை வழியாகக் குச்சியை அடிவரைக்கும் இறக்குவேன், எடுப்பேன், ஈரம் எந்த வெட்டில் நிற்கிறது என்று பார்ப்பேன். நான்கு வருஷமாக இதுதான் கணக்கு. போன மாதம்கூட இந்த இடத்தில் அந்தக் குச்சியைப் பற்றிப் பெருமையாக எழுதினேன். நினைவிருக்கிறதா? மறந்திருந்தால் எனக்கு நல்லது.

திங்கட்கிழமை பம்பு படுத்துவிட்டது. உள்ளே ஏதோ ஒரு வால்வு உடைந்துவிட்டது, புதியது மதராசிலிருந்து ரயிலில் எங்கள் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு வர வேண்டுமாம். ஓவர்சீர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அம்மா, உன் தொட்டியிலே எத்தனை நாளுக்குத் தண்ணி இருக்குது?"

குச்சியை விட்டேன், எடுத்தேன். "நாலு நாள், ஐயா."

"நிச்சயமா?"

என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "குச்சி பொய் சொல்லாது ஐயா" என்றேன்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு மாட்டு வண்டி, நாலு பீப்பாய். என் வார்த்தையை நம்பி வண்டியைப் பாலகாட் சுரங்கத்துப் பக்கத்து லைன்களுக்கு அனுப்பிவிட்டார். அங்கேதான் தண்ணீர் குறைவு என்று நினைத்தார்.

திங்கள் ஒரு வெட்டு போனது. செவ்வாய் ஒரு வெட்டு போனது. புதன்கிழமை... இருமல்.

இப்போது என் புத்தி எங்கே போனது தெரியுமா? நேராக எங்களுக்கு அடுத்த மேல் லைனுக்குப் போனது. இரண்டு தொட்டிக்கும் ஒரே பெரிய பைப்பு. அங்கே குழாய்ச் சாவி வைத்திருப்பவள் சவரியம்மா. எனக்கும் அவளுக்கும் எப்போதுமே கொஞ்சம் உரசல். "மேல் லைன்காரிதான் நம்ம தண்ணியை இழுத்துவிட்டிருப்பாள்" என்று நாற்பது பேர் முன்னால் வாய் கூசாமல் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், ஷிப்ட் முடிந்து வந்த ஆம்பிளைகள் முகம்கூடக் கழுவாமல் தடியைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். முகம் கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது?

அது மட்டுமா? நாலைந்து பெண்கள் பானையைத் தூக்கிக்கொண்டு கல்குட்டைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள்.

கல் வெட்டி எடுத்த பள்ளத்தில் பழைய மழைத் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடக்கும். அதுதான் கல்குட்டை. போன கோடையில் அந்தத் தண்ணீரைக் குடித்த வீடுகளில்தான் முதலில் வாந்தி பேதி வந்தது. எத்தனை பாடை போயிற்று என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டவள் நான். எப்படி? கத்திக் கத்தித்தான். என் பேச்சுக்கு லைனில் அவ்வளவு மதிப்பு.

"யாரும் நகரக் கூடாது! தொட்டியைப் பார்த்துட்டு வரேன்!" என்று கத்திவிட்டு மேட்டில் ஏறினேன்.

குச்சியை இறக்கினேன். எடுத்தேன். ஈரம் இரண்டாவது வெட்டில் நிற்கிறது!

குழாய் இல்லை என்கிறது, குச்சி இருக்கிறது என்கிறது. யாரை நம்புவது? மறுபடியும் விட்டேன். அதே இரண்டு வெட்டு. வழக்கம்போலக் குச்சியின் அடியைக் கந்தலால் துடைக்கப் போனேன்... கை நின்றுவிட்டது.

அடியிலிருந்து இரண்டாவது வெட்டு வரைக்கும் வழவழவென்று சேறு.

இந்தச் சேறு நேற்று வந்ததா? இல்லை. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் கலங்கித்தான் வரும். நான்கு வருஷமாகத் தொட்டியின் அடியில் படிந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் குச்சியை அழுத்தி இறக்குவேன். அது சேற்றைக் குத்திக்கொண்டு தரை வரைக்கும் போகும். சேறும் ஈரம்தானே! நான்கு வெட்டு என்று நான் சொன்னதில் இரண்டு வெட்டு சேறு. பம்பு தினமும் ஓடியதால் தொட்டி மூன்று வெட்டுக்குக் கீழே இறங்கினதே இல்லை. அதனால் இத்தனை நாளும் தெரியவில்லை. தினமும் அந்தச் சேற்றைத் துடைத்துப் போட்டதும் இதே கைதான். ஈரம் எங்கே முடிகிறது என்று மேலே பார்த்தேனே தவிர, கீழே ஒட்டியிருந்ததைப் பார்க்கவில்லை.

மனிதர்களை அளக்கிறபோதும் நாம் இதைத்தான் செய்கிறோமோ, என்னவோ.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே இறங்க மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால் இனி என் பேச்சை யார் நம்புவார்கள்? கல்குட்டைக்குப் போகாதே என்றால் யார் கேட்பார்கள்? சொல்லாவிட்டாலோ மேல் லைனில் மண்டைகள் உடையும். இரண்டில் எது மேல்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

இறங்கினேன். சொன்னேன். "மேல் லைன்காரங்க ஒரு சொட்டு எடுக்கல. தப்பு என்னுது. நான் அளந்ததிலே பாதி சேறு."

தடிகள் மெதுவாகக் கீழே இறங்கின. பிறகு முனியம்மா வாயைத் திறந்தாள். கடைசிக் குடிசைக்காரி. இடுப்பில் காய்ச்சலோடு ஒரு பெண் குழந்தை, தலையில் காலிப் பானை.

"ஏன் பெரிம்மா, குட்டையிலே பேதி கீதுன்னு சொன்னியே, அதுவும் உன் குச்சி சொன்னதுதானா?"

சிலர் சிரித்தார்கள்.

"இதோ பாரு முனியம்மா, பொழுது உச்சிக்கு வர்ற வரைக்கும் பொறுத்துக்கோ. நான் மேல் லைனுக்குப் போய்க் கேட்டு எடுத்தாரேன்."

"புள்ளைக்கு நாக்கு வறண்டு பூட்டுது. எம்மா நேரம் பொறுக்கிறது?" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள். குட்டைப் பக்கமா, வீட்டுப் பக்கமா... பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நடந்தேன். காலிப் பானைகளோடு என் லைன் பெண்கள் சிலரும் பின்னால் வந்தார்கள்.

காலையில் நான் சொன்ன திருட்டுப் பட்டம் எனக்கு முன்னாலேயே மேல் லைனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சவரியம்மா தொட்டி நிழலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க யக்கா, வாங்க. இன்னா, திருடி வூட்டுக்கே வந்துட்டீங்க? உள்ள போயி சோதனை போடுங்க. பானைக்குள்ள ஒளிச்சி வெச்சிருக்கேன் உங்க தண்ணிய."

"நான் சொன்னது தப்பு சவரியம்மா."

"இன்னாது? காது கேக்கல."

"தப்புன்னேன்!"

"இன்னொரு வாட்டி சொல்லுங்க யக்கா, நல்லாக் கீது கேக்க."

சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். அவள் மனசு குளிர்ந்துவிட்டது. எழுந்து தன் குச்சியை எடுத்தாள் — ஆமாம், அவளும் குச்சிதான். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது — தொட்டியில் விட்டு எடுத்துக் காட்டினாள். "பாத்தீங்களா? சுளையா மூணு வெட்டு. எங்களுக்கு மூணு நாளு தாங்கும். இந்தாங்க, முப்பது பானை எடுத்துக்குங்க. இந்த சவரியம்மா கை எப்பவும் தாராளம்னு உங்க லைன்ல சொல்லுங்க."

முப்பது பானை! எங்கள் லைனுக்கு அன்றைக்குக் குடிக்கப் போதும்.

அவள் குச்சியின் அடியைப் பார்த்தேன். பழுப்பாக, வழவழவென்று... கிட்டத்தட்ட இரண்டு வெட்டு உயரத்துக்கு.

வாயை மூடிக்கொண்டு முப்பது பானையை நிரப்பிக்கொண்டு போயிருக்கலாம். அவளுக்குத் தெரியாது. நாளைக்கு அவள் குழாய் இருமும்போதுதான் தெரியும். அங்கேயும் குழந்தைகள் இருக்கின்றன. அங்கேயிருந்து கல்குட்டை இன்னும் பக்கம். ஆனால் என் லைனில் முனியம்மா நடந்துகொண்டிருக்கிறாளே! சொல்வதா? வேண்டாமா?

"சவரியம்மா, குச்சியைத் தொடைக்காதே. அடியிலே விரலால வழிச்சிப் பாரு."

வழித்தாள். பார்த்தாள். மறுபடியும் வழித்தாள். வெற்றிலையைத் துப்பினாள்.

"அப்போ எனக்கே ஒரு நாள் தண்ணிதான் கீதா யக்கா?"

"கொஞ்சம் மேலே இருக்கும்."

அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முப்பது பானை காற்றில் போயிற்று என்று நினைத்தேன். கடைசியில், "பத்து எடுத்துக்குங்க. புள்ளைங்க வூட்டுக்கு மட்டும். மீதிக்கு ஓவர்சீர் கால்ல வுழுவோம், ரெண்டு பேருமா" என்றாள்.

பத்துப் பானையைச் சுமந்துகொண்டு என் லைன் பெண்கள் போக, நாங்கள் இருவரும் ஓவர்சீரிடம் போனோம். நான் சொல்லச் சொல்ல அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "நாளை மத்தியானம் வண்டி வரும்" என்றார். அவ்வளவுதான்.

நாற்பது வீட்டுக்குப் பத்துப் பானை. குழந்தை இருக்கும் வீடாகப் பார்த்துச் சொம்பு சொம்பாக ஊற்றினேன். மற்றவர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது, பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார். "முப்பது தரேன்னவள்கிட்ட பத்து வாங்கினு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுசியா?" என்பதுதான் அதில் மரியாதையானது. முனியம்மா சொம்பை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். அவள் தலையில் இருந்த பானையைக் காணோம்.

வியாழக்கிழமை மத்தியானம் வண்டி வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பம்பு ஓடியது. அதற்கு முன்னால், இரண்டு லைன் ஆம்பிளைகளும் தொட்டிகளுக்குள் இறங்கிக் கூடை கூடையாகச் சேறு வாரிப் போட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்?

எனக்குச் சரியாகவில்லை. அந்தப் புதன்கிழமை குட்டைத் தண்ணீரை யார் குடித்தார்கள்? பேதி உடனே வராது. இரண்டு நாள், மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள்கூட ஒளிந்திருந்து வரும். தினமும் காலையில் குழாயை மூடியதும் வீடு வீடாகப் போனேன். "எல்லாருக்கும் வயிறு நல்லாருக்கா?" கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்துவிட்டது. "இன்னா பெரிம்மா, எங்க வயித்துக்குள்ளயும் குச்சி வுட்டுப் பாக்கப் போறியா?" என்றான் ஒருத்தன். சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். முனியம்மா வீட்டு வாசலில் மட்டும் கேட்க நா எழவில்லை. உள்ளே குழந்தை அழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். அழுதால் நிம்மதி. அழாவிட்டால் இன்னொரு தடவை வந்து நிற்பேன்.

நேற்று, திங்கட்கிழமை, அவளே குழாயடிக்கு வந்தாள். குழந்தை இடுப்பில் உட்கார்ந்து என் சாவியைப் பிடித்து இழுத்தது.

"ஏன் பெரிம்மா, டெய்லி வந்து வாசல்ல நின்னுட்டு நின்னுட்டுப் போறியே, இன்னாத்துக்கு?"

"குட்டைக்குப் போனியாடி?"

"போனேன்."

"ரொப்பினேன். வூட்டு வரைக்கும் தூக்கினு வந்தேன். புள்ளைக்கு ஊத்தலாம்னு மொண்டும் பூட்டேன். அப்போதான் பத்துப் பானையோட பொம்பளைங்க உன்னத் திட்டிக்கினே வந்தாங்க. நெசத்தச் சொல்லி இருபது பானைய வுட்டுட்டு வந்துட்டாளாம் பைத்தியக்காரின்னு. இப்பிடி ஒரு பைத்தியக்காரி குட்டையப் பத்தி மட்டும் பொய் சொல்லுவாளான்னு நெனச்சேன். அப்பிடியே கவுத்துட்டேன், பானையோட. புதுப் பானை பெரிம்மா, ஒடஞ்சி பூட்டுது!"

பைத்தியக்காரி. இந்த வயதில் எனக்குக் கிடைத்திருக்கிற பட்டம்... வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.