பழம் பந்தலில் இருக்கும்போது பார்த்த கடல்

திராட்சை கருத்துவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் செய்ய மாட்டோம். மழை என்ற வார்த்தையை வாயில் எடுக்க மாட்டோம். என் வீட்டுக்காரர், அவர் தம்பி இருவரையும் ஒரே நேரத்தில் ஊரைத் தாண்ட விடமாட்டோம். பழுத்த குலையில் ஒரு நல்ல மழை விழுந்தால் போதும், பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை எந்த வியாபாரியும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். அதனால் "வானம் என்ன சொல்லுது?" என்று கேட்போமே தவிர, மற்றதைச் சொல்ல மாட்டோம்.

காமயகவுண்டன்பட்டியில் திராட்சை வைத்திருப்பவர்களுக்கு ஓய்வான மாதம் என்று ஒன்று கிடையாது. ஒரு பந்தலில் பழவெட்டு முடிந்தால் அடுத்த பந்தலில் கொடியைக் கழித்துவிடும் கவாத்து, அது முடிந்தால் மருந்தடிப்பு. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டது ஒரே ஒரு ஊர்தான், கடல் இருக்கிற ஊர். குமுளியைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்கு எத்தனையோ முறை ஜீப்பில் போயிருக்கிறோம். அந்த மலையின் மறுபக்கம் இறங்கிக்கொண்டே போனால் கடல் வரும் என்பது எனக்கு டிவியில் பார்த்த சேதி மட்டுமே.

போன ஐப்பசியில் பொறுமை போய், கேரளத்துக் கடலோரம் இருக்கும் வர்க்கலைக்கு டிக்கெட்டை நானே எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வெட்டு, சனிக்கிழமை பயணம், ஞாயிறு கடல். வியாழக்கிழமை சாயங்காலம் வியாபாரி போன் செய்தார். லாரி கிடைக்கவில்லையாம், வெட்டைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாமாம். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "நீ வேணா ஒங்க அக்காளக் கூட்டிட்டுப் போயிட்டு வா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்த பாலை அப்படியே பொங்க விட்டேன்.

கொழுந்தன்தான் குறுக்கே வந்தார். "நான் இங்கன இருக்கேன்ல? மதினியக் கூட்டிட்டுக் கெளம்புங்கண்ணே. ரெண்டு நாள்ல வானமா இடிஞ்சு விழுந்துரும்?" என்றார்.

குமுளி வழியாகக் கோட்டயம் வரை பஸ், அங்கிருந்து ரயில். வழி நெடுக வீட்டுக்காரர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்தபடி வந்தார். "கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதும்பாக. கைய எடுங்க, பாக்கிறவுக என்னமோ ஏதோன்னு நெனைக்கப் போறாக" என்றேன். கையை எடுத்தார், கொஞ்ச நேரத்தில் மறு கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் கோயிலுக்குப் போனோம். அங்கே ஒரு பழைய கப்பல் மணி தொங்குகிறது. காற்றில்லாமல் நடுக்கடலில் நின்றுபோன கப்பல், சாமியை வேண்டியதும் நகர்ந்ததாம். அந்த நன்றிக்குக் கப்பல்காரர் கொடுத்த மணி என்று அங்கிருந்தவர் சொன்னார். வீட்டுக்காரர் மணியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "காத்தக் கொண்டாந்ததுக்கு இம்புட்டுப் பெரிய மணின்னா, மேகத்த நகட்டிவிட எம்புட்டுப் பெருசு கட்டணும்?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கடற்கரையை ஒட்டிச் சிவந்த மண்மேடு சுவர் போல நிமிர்ந்து நிற்கிறது. மேட்டின் விளிம்பில் நின்றுதான் முதன்முதலில் கடலைப் பார்த்தேன். இத்தனை வருஷம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதே தெரியாமல் கேட்டிருக்கிறேன். அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சந்தோஷத்தை அவரிடம் சொல்லப் பக்கத்தில் திரும்பினால் அவர் போனைக் காதில் வைத்திருக்கிறார். "என்னலே, வானம் என்ன சொல்லுது?" பளிச்சென்று இருப்பதாகக் கொழுந்தன் சொன்னார்.

கீழே இறங்கியதும் ஒரு அதிசயம். அந்த மேட்டின் அடியிலிருந்து ஊற்றுத் தண்ணீர் கசிந்து மணலில் ஓடுகிறது. எல்லோரும் முகம் கழுவிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். நல்ல தண்ணீர். அது பத்தடி ஓடிக் கடலில் கலப்பதைப் பார்த்ததும் மனிதருக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலால் மணலை ஒதுக்கி வரப்புப் போட ஆரம்பித்துவிட்டார். கரையில் காவலுக்கு நின்றவர் வந்து என்ன செய்கிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். "வெள்ளம் வெறுதே போகுந்நு சாரே" என்றார் இவர், தண்ணீர் சும்மா போகிறதே என்று. அந்த ஆளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரியாற்றுத் தண்ணீருக்கு முறை வைத்து மடை திறக்கிற ஊர்க்காரனின் வயிற்றெரிச்சல் அவருக்கு எங்கே தெரியும்? இருந்தாலும் என் மானம் போனது போனதுதான்.

சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அஞ்சுதெங்குக்குப் போனோம். வெள்ளைக்காரர் மிளகு வாங்கிக் கப்பலேற்றக் கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது. நான்கு மூலையிலும் கொத்தளம், நடுவில் வெறும் புல்தரை. "மொளகுக்கா இம்புட்டுச் செவரு? நம்மூரு ஏலக்கா கடையில ஒரு ஷட்டரத்தான இழுத்து விடுறாக" என்றார். அன்று முதல்முறையாக நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது மறுபடி போன். "கிழக்க லேசா இருட்டுதுண்ணே" என்றார் கொழுந்தன். எங்கள் சிரிப்பு அதோடு நின்றது.

"அந்தா கலங்கரை விளக்கம். ஏறிப் பாத்துட்டுப் போயிருவோம்" என்றேன், வேறென்ன சொல்ல என்று தெரியாமல். உள்ளே வளைந்து வளைந்து படிகள் போகின்றன. மூச்சு வாங்க மேலே வந்தோம். மேற்கே வெயிலில் கடல் தகதகவென்று கிடந்தது. கிழக்கே தென்னந்தோப்புகளுக்கு அப்பால், மலை இருக்க வேண்டிய திசையில், ஒரே கருப்பு. அவர் கிழக்குப் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் அடித்தது. காதில் வைத்தார். தகரக் கொட்டகையில் கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் எனக்கே கேட்டது. அதற்கு நடுவில் கொழுந்தன் குரல்.

"அண்ணே, மழண்ணே."

அந்த வார்த்தையை அவர் சொன்னதுமே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தழையைக் கிள்ளுவதானால்கூட யோசித்துக் கிள்ளி வளர்த்த பழம். "வாங்க, இப்பவே கெளம்புவோம். கெடைக்கிற பஸ்ஸுல ஏறிருவோம்" என்று படியை நோக்கி ஓடினேன்.

"நில்லு" என்றார். "தலைக்கு மேல போயிருச்சு. இனிச் சாணென்ன, மொழமென்ன? நாம அங்கன போய்ச் சேர்றதுக்குள்ள வெடிக்கிறது வெடிச்சிரும்." கம்பியை விட்டுவிட்டு மெதுவாக மேற்குப் பக்கம் வந்தார். அன்று காலையிலிருந்து அப்போதுதான் அவர் கடலை நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு மடை தெறக்க முடியாது" என்றார். திரும்பி என்னைப் பார்த்து, "கன்னத்துலருந்து கைய எடு. பாக்கிறவுக என்னமோ ஏதோன்னு நெனைக்கப் போறாக" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நேரமாகிவிட்டது என்று கீழே இறங்கச் சொல்லிவிட்டார்கள். கோட்டைக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்தோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி போன் அடித்தது. பேரைப் பார்த்துவிட்டு அதை என்னிடம் நீட்டினார். "நீ பேசு. எங்கிட்டப் பேசுனா அழுதுருவான். அவம் மேல தப்பில்லன்னு சொல்லு."

சொன்னேன். மழைச் சத்தம் குறைந்து, சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கொழுந்தன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மதினி, கடலப் பாத்தாச்சா?" என்றார்.

"முன்னாடிதான் உக்காந்திருக்கோம் தம்பி."

"எப்படி இருக்கு?"

நாற்பது வயதைத் தாண்டிவிட்டார். ஏலத்தோட்டத்துக்கு அந்தப் பக்கம் அவரும் போனதில்லை. அண்ணன் எங்காவது கிளம்பும்போதெல்லாம் பந்தலுக்கடியில் நின்றது அவர்தான். அதை நான் அதுவரை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"சொன்னாத் தீராது. அடுத்த வெட்டுக்கு முன்னாடி நீங்க வந்து பாத்துட்டுப் போங்க. தோட்டத்த நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

"பழம் பந்தல்ல இருக்கும்போதா மதினி?"

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"பழம் பந்தல்ல இருக்கும்போதுதான்" என்றேன்.