உடைந்துபோன கீழ்ப்படி

புதுவாயலில், நெடுஞ்சாலைக் கடைகளுக்குப் பின்னால் வரிசையாக நான்கு வீடுகள். கடைசி வீட்டில் நானும் அப்பாவும் இருந்தோம். எனக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை. வண்டிகளுக்குப் போகும் ரப்பர் வளையங்களில் குறை இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். அம்மா இறந்த பிறகு பள்ளிப்பட்டில் தனியாக இருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதிதான் சரியாயின. அதனால் என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நோயாளி இருக்கிறார் என்றால் வீடு தர யோசிக்கிறார்கள். அதற்கு முன் இரண்டு வீடுகள் அப்படித்தான் கைநழுவின. ஆகவே இந்த வீட்டு ஓனர் அப்பாவைப் பற்றி விசாரித்தபோது, "நைனாவுக்கு முட்டிவலிண்ணா, வேற ஒண்ணும் இல்ல" என்றேன். ஓனர் பொன்னேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் நெல் பயிர் வைக்கிறவர். மாதத்துக்கு ஒருமுறை மொபெட்டில் வருவார், வாசலில் நின்றே பேசிவிட்டுப் போய்விடுவார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பா அவருக்கு எல்லோரையும் போலத்தான் தெரிந்திருப்பார்.

நான்கு வீட்டுக்கும் பொதுவான கழிவறை பின்பக்கம் தனியாக இருந்தது. மழையில் தண்ணீர் நிற்கும் இடம் என்பதால் அதை உயர்த்திக் கட்டி, ஏற இரண்டு படி வைத்திருந்தார்கள். கார்த்திகை மழையில் கீழ்ப்படி விரிசல் விட்டு ஒரு நாள் மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. மேல்படி முழங்கால் உயரத்தில் நின்றது. நான் வீட்டில் இருக்கும் நேரம் அப்பாவைத் தாங்கி ஏற்றிவிடுவேன். காலை ஷிப்டுக்குப் போய்விட்டால் மதியம் மூன்று வரை அவர் தனியாகத்தான் சமாளிக்க வேண்டும்.

அன்றைக்கே ஓனருக்குப் போன் செய்தேன்.

"தோ, மேஸ்திரிகிட்ட சொல்லிட்றேம்மா. ஞாயித்துக்கெழம வந்துடுவான்."

ஞாயிறு வந்தது, மேஸ்திரி வரவில்லை. அடுத்த வாரம் கேட்டால், மேஸ்திரிகள் எல்லாம் கம்பெனிக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார். மார்கழி போனது. தையில், "அறுப்பு ஓடிக்கினு கீதும்மா, முடியட்டும்" என்றார். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"வாடக மட்டும் ஒரு நாள் தள்ளிப்போனா கேக்குறீங்க இல்ல? அந்த மாதிரி இதையும் பாருங்கண்ணா."

"இன்னாம்மா நீ, ஒரு படிக்கு இவ்ளோ பேஜாரு பண்ற? நாலு ஊட்டுக்காரங்களும் ஏறிக்கினுதான் இருக்காங்க."

எனக்குப் பதில் வாய்வரை வந்தது. அப்பாவால் ஏற முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், பொய் சொல்லித்தானே வீடு எடுத்தாய் என்று கேட்பாரே என்று பயம். போனை வைத்துவிட்டேன்.

படி இருந்த இடத்தில் இரண்டு சிமெண்ட் கல்லைப் போட்டு வைத்திருந்தேன். மிதித்தால் ஆடும். ஒரு மதியம் கல் சாய்ந்து, அப்பா அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட வந்தபோதுதான் பார்த்துத் தூக்கிவிட்டிருக்கிறார். சாயங்காலம் அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

கொஞ்சம் சிமெண்ட் வாங்கி அந்தக் கல்லை நானே பூசியிருக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவும் அதைத்தான் சொன்னார். "நாம பூசிட்டா அதையே படின்னு உட்டுடுவாருக்கா. அவரு ஊடு, அவருதான் செய்யணும்" என்றேன். அப்போது அது எனக்கு நியாயமாகப் பட்டது.

அதற்குப் பிறகு அப்பா விழவில்லை. எப்படிப் போய்வருகிறார் என்று நான் கேட்கவும் இல்லை. தை கடைசியில் அவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் மாத்திரையில் ஓட்டினேன். மூன்றாம் நாள் காலையில் பேச்சே குழறியது. ஆட்டோ வைத்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சிறுநீரில் கிருமி, அது சிறுநீரகம் வரை போய்விட்டது என்றார்கள். டாக்டரம்மா, "தண்ணி நல்லா குடிக்கிறாரா?" என்று கேட்டார். குடிப்பார் என்றுதான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துக் கொஞ்சம் தெளிந்ததும் அப்பாவே சொன்னார். நான் வேலைக்குக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும் வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லையாம்.

"குடிச்சா போவணும்ல."

"ஏன் நைனா, எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீ அந்தாளு கூட சண்ட போட்டுக்கினு இருந்த. நானும் ஒருபக்கம் புடுங்கணுமான்னு உட்டுட்டேன்."

நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். அங்கிருந்தே ஓனருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பக்கவாதம், நான் சொன்ன பொய், தண்ணீர் எல்லாம். "சொல்லலியேம்மா நீ" என்றார் அவர்.

மறுநாள் எந்த மேஸ்திரியையும் எதிர்பார்க்காமல் ஓனரே சிமெண்ட் மூட்டையை மொபெட்டில் வைத்து எடுத்துவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்ததாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஒரு படிக்குப் பதில் தாழ்வாக மூன்று படி. பிடித்து ஏற இடது பக்கம் இரும்புக் குழாய். அரை நாளில் முடித்துவிட்டாராம்.

மூன்று வாரம் கழித்து அப்பாவை வீட்டுக்கு அழைத்துவந்தேன். குழாயைப் பிடித்து இரண்டு முறை ஏறினார். நன்றாக இருக்கிறது என்றார். படுக்கையிலேயே கிடந்ததில் காலில் இருந்த கொஞ்ச பலமும் போயிருந்தது. மூன்றாம் முறை எழுந்திருக்கவே முடியவில்லை. சித்திரையில் இறந்துபோனார்.

சாவுக்கு ஓனர் மாலையோடு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றிருந்தார். கிளம்பும்போது என்னிடம், "நைனாவுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே போட்டிருப்பேம்மா" என்றார்.

அது உண்மையா, சும்மா சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சும்மாதான் சொன்னார் என்று நினைக்க முடிகிற நாளில் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வருகிறது.