பூவாடை வந்த மத்தியானம்

ரோஜாவுக்கு வாசனை கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஓசூரைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வளர்கிற ரோஜாவைத்தான் சொல்கிறேன். தண்டு நீளம், மொட்டு கெட்டி, நிறம் ரத்தம். மூக்கருகே கொண்டுபோனால் நனைந்த காகிதத்தின் வாடை. அந்தப் பூக்களைத் தண்டு அளந்து தரம் பிரித்துக் கட்டுவது என் வேலை. வாசமில்லாத பூக்களுக்கு நடுவில் வருஷக்கணக்காக நிற்கிறவளுக்கு, எங்கிருந்தோ ஒரு வாசம் வந்தால் உடம்பு திடுக்கிடும்.

என் தங்கச்சியும் அதே ஷெட்டில்தான் இருந்தாள், எனக்கு எதிர் மேசையில். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் அவள் ஒரு சென்ட் பாட்டில் வாங்கினாள். ரோஸ் நிறம், கழுத்தில் தங்கக் கலர் நூல். அடித்தவுடன் பேரிக்காயைக் கடித்த மாதிரி ஒரு ஈரம் வரும். அதற்குப் பின்னால் மல்லிகை. கடைசியில், மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி ரோட்டில் கூழ் ஃபேக்டரிகளைத் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியே வந்து முகத்தில் அப்புமே, அந்த இனிப்பு. அது மட்டும் சாயங்காலம் வரைக்கும் போகாது.

ஷெட்டுக்குள் சென்ட் ஆகாது. பழம் அதைவிட ஆகாது. பழுத்த பழம் விடுகிற மூச்சு பட்டால் மொட்டு அவசரப்பட்டு விரிந்து உதிர்ந்துவிடும். சாப்பாட்டுப் பையில் ஒரு வாழைப்பழம் இருந்தால்கூட அன்றைக்குத் திட்டு நிச்சயம். அதனால் அவள் மத்தியானம் ஷிப்ட் முடிந்து, வேன் ஏறும் முன்தான் பாட்டிலைத் திறப்பாள். மணிக்கட்டு இரண்டிலும், காதுக்குப் பின்னால் ஒன்று.

"எதுக்குடி இது? வீட்டுக்குப் போயி மாவாட்டறதுக்கா?"

"மாவுக்கும் மூக்கு இருக்குதுக்கா."

"உச்சி வேளையில போடாதடி. வழியில புளியமரம் இருக்குது. காத்து கருப்பு ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கட்டுமே. அதுங்களுக்கு மட்டும் யாரு சென்ட் வாங்கித் தர்றா?"

வேனில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவளிடமும் ஒரு சட்டம் இருந்தது. குளித்தோ கழுவியோ, ஈரம் காயும் முன் போட வேண்டும். வெயிலில் நிற்கப்போகிறோம் என்றால் கொஞ்சம். கல்யாண வீடென்றால் தாராளம். துக்க வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

காய்ச்சல் என்று படுத்தாள். நாலாவது நாள் இல்லை.

மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலை கொள்ளாமல் பூ வைத்துக் கிடத்தியிருந்தார்கள். யாரும் பார்க்காதபோது நான் அவள் மணிக்கட்டில் சென்டை அடித்தேன். குனிந்து முகர்ந்தேன். ஒன்றுமே வரவில்லை. வாசம் எழும்பி வர உடம்பில் சூடு வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் மகளுக்கு அப்போது ஆறு வயசு. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிள்ளை இல்லை. கருமாதி முடிந்து திரும்பும்போது, ஒரு கையில் பாப்பாவும் இன்னொரு கையில் துணிப்பையுமாக வந்தேன். பையில் அந்தப் பாட்டில் இருந்தது. நெயில் பாலிஷால் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். குளிர் அறையில் வாளி வாளியாகப் பூ அடுக்கிக்கொண்டிருந்தோம். வெளியே மத்தியானம் பன்னிரண்டு. சூப்பர்வைசர் கதவைத் திறந்து உள்ளே வந்தார், நின்றார், மூக்கை உறிஞ்சினார். கன்னடத்துக்காரர். கோபம் வந்தால் தமிழ் பாதியில் நின்றுவிடும்.

"ஹண்ணு! யாரு ஹண்ணு எடுத்துக்கினு வந்தது?"

"பழம் யாருகிட்ட சார் இருக்குது? எங்க கையெல்லாம் வெறச்சிப் போயி நிக்கிறோம்."

எல்லார் பையையும் கொட்டச் சொன்னார். சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து பார்த்தார். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார். மாங்கொட்டைகூட இல்லை. பக்கத்தில் நின்றவள் என் காதருகே வந்து, "பழம் இல்லக்கா. உந்தங்கச்சி போடுவாளே, அந்த சென்ட்டு" என்றாள். அவள் சொல்லும் முன்பே எனக்குத் தெரியும். என் முதுகுப்பக்கம்தான், ஈரத்துணி உரசுகிற மாதிரி, அது நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை பார்த்தால், தங்கச்சி நின்ற மேசைக்கு நேராகக் குளிர் அறையில் இருந்த வரிசையில் மட்டும் மொட்டெல்லாம் வாய் திறந்து கிடந்தன. சென்ட் அடித்தால் பூ அப்படி விரியாது. பழத்துக்குத்தான் விரியும். சூப்பர்வைசர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாளிகளை வெளியே எடுக்கச் சொன்னார்.

அதற்கடுத்த தையில் தங்கச்சியின் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்கள்.

"பையனுக்குப் பொண்ணு பாத்தாச்சு, சிங்காரப்பேட்டைப் பக்கம். நல்ல எடம். கல்யாணம் முடிஞ்சதும் பாப்பாவ அனுப்பிடும்மா. அப்பன்காரன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப புள்ள பெரியம்மா ஊட்டுல வளந்தா ஊரு என்னா பேசும்?"

பாப்பா என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

"முன்னாடி பூவாடைக்குப் படைக்கணும். அவளுக்குப் புடிச்சது எதனா உங்கிட்ட இருந்தா எடுத்துக்கினு வா."

சுமங்கலியாகப் போனவளை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்போம். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்கு. புதுப் பானையில் தண்ணீர் எடுத்துவந்து, அதற்குப் புதுப் புடவை சுற்றி, பூச்சூட்டி, பம்பை அடித்துக் கூப்பிடுவார்கள். அவள் யார் மேலாவது இறங்கி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அவளுடைய புருஷனுக்கே இரண்டாம் கல்யாணம் என்றால் அது கட்டாயம். அவள் வராவிட்டால் கல்யாணம் நிற்கும்.

படையல் அன்று காலை அரிசி டிரம்முக்குள் கையை விட்டேன். பாட்டில் விரலில் தட்டியது. எடுக்கவில்லை. அவள் வராமல் இருந்தால் போதும், பாப்பா என்னிடமே இருப்பாள். இந்த நினைப்பு நாக்கில் இரும்பு மாதிரி கரித்தது. கையில் ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டு, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தங்கச்சியின் மாமியார் ஊரான மத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

"அவ போடுவாளே, அந்த சென்ட்டு எங்கம்மா?" மாமியார் வாசலிலேயே கேட்டார்கள்.

"தீந்துபோச்சு அத்தே."

உச்சி சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். அறைக்குள் ஒரே புகை. பானைக்கு அரக்கு நிறத்தில் புடவை. பம்பைக்காரர் அவள் பிறந்த ஊரைச் சொல்லி, வாழ்ந்த வீட்டைச் சொல்லி அழைத்தார். ஒரு தரம் அழைத்தார். அசைவில்லை. இரண்டாம் தரம். மூன்றாம் தரம். மாப்பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"மனசு வரல போல இருக்குது அவளுக்கு" என்றார் ஒரு பெரியவர். "விட்டுடுங்கப்பா. வேற பேச்சு பேசலாம்."

என் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அந்தச் சந்தோஷத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தலையைக் குனிந்துகொண்டேன்.

பம்பை நின்றது. மாமியார் என் பக்கம் திரும்பினார்கள். அவர்களுக்கு மூக்கு விடைத்தது. பிறகு பக்கத்துப் பெண்ணுக்கு. பிறகு பம்பைக்காரருக்கு. ஒவ்வொரு முகமாக என்னைப் பார்க்கத் திரும்பியது.

"இவ மேலதான் வருது."

"பழ வாசம், பூ வாசம், ரெண்டும் வருது பாரு."

கையை முகர்ந்தேன். முந்தானையை முகர்ந்தேன். கற்பூரப் புகை தெரிந்தது, என் வேர்வை தெரிந்தது. அது மட்டும் தெரியவில்லை. பாப்பா ஓடிவந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். விடவேயில்லை.

மாமியார் என் காலில் விழுந்தார்கள். மாப்பிள்ளையும் விழுந்தார். "சொல்லு தாயே. சம்மதமா?"

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரே சொல்தான். உச்சி வெயில் ஓட்டுச் சந்து வழியாக என் மணிக்கட்டில் விழுந்திருந்தது.

"கட்டிக்க" என்றது என் வாய். "புள்ளைய அக்காகிட்டயே உட்டுடு."

அக்கா. வீட்டுக்கு மூத்தவள் நான். யாரையும் அக்கா என்று நான் கூப்பிட்டதேயில்லை.

ஆசைப்பட்டு நடித்தேனா? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். நடிக்க நினைத்திருந்தால் கல்யாணத்தையே நிறுத்தியிருப்பேன். நான் சொல்ல வந்த சொல் 'முடியாது'. பொய் சொல்லியிருந்தால் அதுதான் என் பொய்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டிரம்முக்குள் பார்த்தேன். சென்ட் கோட்டில்தான் நின்றிருந்தது, ஒரு மயிரிழை குறையாமல். அதே அரிசியில் சோறு வடித்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். "என்னா இது, சோத்துல சென்ட் வாசம் வருது?" பாப்பா மட்டும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். தட்டை வழித்து, விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மாசம் ஒரு தரம் வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போகிறார். புதுப்பெண் நல்லவள். வரும்போது பழம் வாங்கி வருகிறாள்.

எனக்குப் பினாயில் தெரிகிறது, தாளிப்பு தெரிகிறது, மழைக்கு முந்தின மண் தெரிகிறது. அந்த ஒன்று மட்டும் அன்றிலிருந்து இல்லை. குளிர் அறையில் சில மத்தியானங்களில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு என் முதுகுக்குப் பின்னால் பார்க்கிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன். பூ, வாளி, சுவர்.

போன வாரம் பள்ளி ஆண்டு விழா. பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயசாகிறது. குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து நின்றாள்.

"பெரிம்மா, இன்னைக்காவது அம்மா சென்ட்ட போட்டுக்கட்டா?"

"உச்சி தாண்டட்டும். ரெண்டே ரெண்டு தரம்தான்."

அடித்துக்கொண்டு மணிக்கட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "வருதா?"

குனிந்தேன். ஒன்றுமில்லை. தோலுக்கடியில் நாடி துடித்தது. கை கதகதவென்று சூடாக இருந்தது.

"வருதுடி" என்றேன்.