ஓரத்தில் வாய்க்கால் வெட்டிய கல்

இடித்த கட்டடத்துச் சாமான் என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். சேந்தமங்கலத்தில் நான் கட்டிய வீட்டில் புதிதாக வாங்கியது சிமெண்டும் மணலும்தான். கதவு ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது, சன்னல்கள் ஒரு சினிமாக் கொட்டகையில் இருந்தவை. வருகிறவர்களை நிறுத்தி இதையெல்லாம் சொல்லாமல் சோறு போட மாட்டேன்.

சமையல் மேடைக்கு ஆறடிக் கருங்கல் ஒன்று கிடைத்தது. சேலத்தில் இடித்த கட்டடத்துக் கல் என்றார் பழைய சாமான் கடைக்காரர். எந்தக் கட்டடம் என்று நான் கேட்கவில்லை. நாலு ஓரத்திலும் சின்ன வாய்க்கால், ஒரு மூலையில் தண்ணீர் போக ஓட்டை. எவனோ புத்திசாலி செய்த மேடை என்று மெச்சிக்கொண்டேன். இரண்டு வருடமாக என் மனைவி அந்தக் கல்லின் மேலேயே மாவு பிசைந்து சப்பாத்தி தேய்த்தாள்.

போன தை மாதம் அவளுடைய அண்ணன் பள்ளிபாளையத்திலிருந்து மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். சேலத்தில் ஆஸ்பத்திரி ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனை முறை வந்தாலும் முன்னறையைத் தாண்ட மாட்டார். அன்று வெளிக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கை கழுவச் சமையலறைக்குள் போனார். வெகுநேரம் வராததால் எட்டிப் பார்த்தேன். ஈரக் கையால் கல்லின் உடைந்த முனையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை, இது எங்கீங்க கிடைச்சுது?"

நான் பெருமையை அவிழ்க்கத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்தினார். அது பிணவறைக் கல், இருபது வருடம் தன் கையால் கழுவிய கல் என்றார். வாய்க்கால் எதற்கென்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலையில் தின்ற சப்பாத்தி நினைவுக்கு வந்தது. தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள், நாளைக்கே பெயர்த்துப் போட்டுவிடுகிறேன் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். பின்னால் வாழையிலையோடு அவள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. "நம்ம அப்பாவையும் இதுலதான் சாமி கெடத்துனாங்க. கழுவுனது நாந்தான்."

என் மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே லாரி மோதி இறந்தவர். பெண்பிள்ளைகளை அன்று ஆஸ்பத்திரிப் பக்கமே விடவில்லையாம். துணி சுற்றிய பொட்டலமாகத்தான் அப்பாவைப் பார்த்தேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

கத்துவாள், என்னை நாறடிப்பாள் என்று விறைத்து நின்றேன். அவள் இலையைக் கீழே வைத்தாள். மாவுப் பாத்திரத்தை இறக்கினாள், அடுப்பையும் இறக்கினாள். கல்லில் ஒட்டியிருந்த மாவை முந்தானையால் துடைத்தாள்.

"தலைமாடு எந்தப் பக்கமுங்கண்ணா?" என்றாள்.