இறங்கும்போது விரி

எங்கள் வீட்டு டிவியில் முதன்முதலாகப் பனி பெய்தது ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம்.

அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் என் நாத்தனாரின் வலது கை வெந்துபோயிருந்தது. அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிக்குத் திரி சொருகும் வேலை அவளுக்கு. அடுத்த அறையில் மருந்து பற்றிக்கொண்டதும் எல்லாரையும்போல வாசலைப் பார்த்து ஓடினாள். ஓடும்போது முகத்தை மறைத்துக்கொண்ட கை அது. முகம் தப்பிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம்தான் சொன்னார், நான் படித்தவள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்: "கையைச் சும்மா வச்சிருந்தா விரல் அப்படியே மடங்கி ஒட்டிக்கிடும்மா. வலிச்சாலும் மடக்கி விரிக்கணும். தினமும்."

அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது கைக்குழந்தை. மகள் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். தூங்காவிட்டால் ஏன் தூங்கவில்லை என்று பார்ப்பேன். தூரத்தில் லாரி கதவு அறைந்தாலும் கம்பெனி இருக்கும் திசையைப் பார்ப்பேன். என் கணவர் அதே கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட என்னிடம் இன்னொருத்தியின் கை.

நாத்தனார் விரலை அசைக்கவே மாட்டாள். தேங்காயெண்ணெய் தடவி நான் ஒவ்வொரு விரலாகப் பிடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். நிறுத்துவதா, இன்னும் அழுத்துவதா என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலும் நிறுத்திவிடுவேன். பிறகு, நிறுத்தியது தப்போ என்று சமையலறையில் நின்று யோசிப்பேன்.

டிவி போட்டால் எந்தச் சேனலிலும் தீபாவளி விளம்பரம். மத்தாப்பு, புஸ்வாணம், சிரிக்கிற குடும்பம். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நான் அவசர அவசரமாக மாற்றிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் திரை முழுக்க வெள்ளை. மலை மேலிருந்து ஒருத்தன் காலில் நீளப் பலகை கட்டிக்கொண்டு சறுக்கி வந்தான்.

"அதிலயே விடுங்க மதினி," என்றாள். "பாத்தாலே அரிப்பு அடங்குது."

சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்தோம். அத்தை, என் மாமியார், அப்படித்தான் வைக்கச் சொன்னார். கை வெந்து கிடக்கிறவள் வீட்டில் டிவி அலறினால் தெரு என்ன பேசும்? பார்க்க வந்த ஒரு பெரியம்மா பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டு, "ஊமைப் படம் பாக்கீகளாக்கும்?" என்று கேட்டே விட்டார்.

சத்தம் இல்லாததால் விதிகளை நாங்களே கண்டுபிடித்துக்கொண்டோம். யார் எந்த நாடு, எதற்கு எவ்வளவு மதிப்பெண், ஒன்றும் தெரியாது. மத்தியானம் அத்தை கண்ணயர்ந்தபின் ஸ்கேட்டிங் வரும். பனித்தரையில் காலில் கத்தி வைத்த பூட்ஸ் போட்டு ஆடும் பெண்கள். அதில் ஊதா உடை போட்ட ஒருத்தியை நாத்தனார் தத்தெடுத்துக்கொண்டாள். பெயர் வாயில் நுழையவில்லை. "நம்மாளு" என்றே வைத்துக்கொண்டோம். நம்மாளு ஒருமுறையும் முதல் மூன்றில் வரவில்லை. வந்தவர்களை நாங்கள் மதிக்கவுமில்லை.

ஒருநாள் கண்விழித்த அத்தை திரையைப் பார்த்துப் பதறிவிட்டார். "இம்புட்டுக் குளிர்ல இத்தினிக்கூண்டு துணியா? பெத்தவ ஒரு சொட்டர் வாங்கிக் குடுக்கலையா?"

"நீங்க போயி போத்தி விடுங்கம்மா," என்றாள் நாத்தனார். விபத்துக்குப் பின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நம்மாளு எகிறிச் சுற்றும்போது கைகளை மார்போடு இறுக்கிக்கொள்வதையும், தரை தொட்டதும் இரண்டு பக்கமும் விரிப்பதையும் நான் கவனித்திருந்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "அவ சுத்தும்போது நீ மடக்கு. எறங்கும்போது விரி. நீ மடக்கலைன்னா அவ விழுந்துருவா."

"மதினி, அது போன வாரம் எடுத்த படம்."

"இருக்கட்டும். மடக்கு."

மடக்கினாள். கால்வாசிதான். வலியில் கண்ணில் நீர் வந்தது. ஆனால் நம்மாளு விழவில்லை.

அதன்பின் எல்லா மத்தியானமும் எங்களுக்குப் போட்டிதான். வேறெந்தப் பெண் எகிறினாலும் கை சும்மா கிடக்கும். நம்மாளு வந்தால் நாத்தனார் நிமிர்ந்து உட்காருவாள். நம்மாளு விழும் நாட்களில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளமாட்டோம். நான் ஆறுதலாக, "விழுந்தாலும் எந்திரிச்சு ஆடுறா பாத்தியா," என்றேன் ஒருமுறை.

"அவளுக்கென்ன, பனியில விழுறா," என்றாள்.

பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் வந்தது. எங்கள் ஊரில் அதற்குள் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. புதிதாக ஒரு விளையாட்டைப் பார்த்தோம். வழவழப்பான கல்லைத் தள்ளிவிட்டு, அதன் முன்னால் ஓடிக்கொண்டே தரையைத் துடைப்பத்தால் பரபரவென்று தேய்க்கிறார்கள். "இதுக்கா மெடலு? எங்க ஷெட்டைக் கூட்டுறதுக்கு எங்க ஃபோர்மேன் வசவுதான குடுப்பாரு!" என்று நாத்தனார் சிரித்ததில் மடியிலிருந்த என் மகளும் காரணம் தெரியாமல் சிரித்தாள்.

நம்மாளு ஆடிய நாளில் அத்தையும் எங்களோடு உட்கார்ந்துவிட்டார். முதல் எகிறல், மடக்கு, விரி. இரண்டாவது. நடுவில் ஒன்றில் கால் தடுமாறி, கை ஊன்றாமல் சமாளித்தாள். கடைசியாக எகிறியபோது நாத்தனாரின் விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன. நம்மாளு இறங்கினாள். ஐந்து விரலும் விரிந்தன. அன்றைக்கும் முதல் மூன்றில் வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அத்தை எழுந்து போய் ஒரு ஈர்க்குச்சியோடு வந்தார். "இதைப் பிடி தாயி."

பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது நின்றது. ஆடவில்லை. ஒரு வெடித்திரியின் கனம்தான் இருக்கும். அத்தை அழுதார். நானும் அழுதேன். அத்தை எதற்கு அழுதார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுவாரம் ஃபோர்மேன் வந்தார். நல்ல மனிதர். குழந்தைக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கி வந்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா கூடிருச்சே. ஆர்டர் வந்து நிக்கி. ஆள் பத்தல," என்றார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள்..." என்று ஆரம்பித்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனை நாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எந்த நாளைச் சொல்லியிருந்தால் அது போதுமானதாக இருந்திருக்கும்?

நாத்தனாரே முடித்துவைத்தாள். "கைதான் மடங்குதே மதினி. வீட்ல இருந்து என்ன செய்ய?"

கை சுருண்டே போயிருந்தால் அவள் மறுபடி வேலைக்குப் போயிருக்கமாட்டாள். இந்த எண்ணம் வரும்போதெல்லாம் என் வாயில் நானே அடித்துக்கொள்வேன். கை தேறவேண்டும் என்றுதானே தினமும் பிடித்தேன்? டாக்டர் சொன்னபடிதானே செய்தேன்? ஆனாலும் வரும்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வேனில் ஏறினாள். சன்னல் வழியாக என் மகளுக்கு அந்தக் கையைத்தான் ஆட்டினாள்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு மத்தியானம் தற்செயலாக நம்மாளு வந்தாள். உடை மாறியிருந்தது; பச்சை. ஆனால் அவள்தான். அத்தை தூங்கிக்கொண்டிருந்தார், மகள் என் மடியில். பழக்கத்தில் சத்தத்தைக் குறைத்தேன். தெருவும் கம்பெனி இருக்கும் திசையும் அமைதியாக இருந்தன. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே பார்த்தேன். அவள் எகிறினாள். என் கை தானாக மடங்கியது.

அவள் இறங்கி, இரண்டு கையையும் விரித்து, வளைந்து போய்க்கொண்டிருந்தாள். "அம்மா, விடு, வலிக்கி," என்றாள் மகள். அப்போதுதான் பார்த்தேன், அவள் விரல்கள் என் கைக்குள் இருந்தன. விட்டேன். நாத்தனார் திரும்பும் வேன் வர இன்னும் நேரம் இருந்தது.